அசலூர்க்காரி

சிலோனுக்குக் கொண்டுபோகும் மூட்டையைப் பிச்சையம்மாள் கட்டி முடித்த நேரம் பார்த்துத்தானா அந்தத் தமுக்குச் சத்தம் கேட்க வேண்டும்? விடிந்தால் ஆலங்குடிக்குப் போய் பஸ் ஏற வேண்டியவள். மூட்டைக்குள் மகள் உண்ணாமலைக்குப் பிள்ளைப்பேற்று மருந்துச் சாமான், இதுவரை முகம் பார்க்காத பேத்தி அமராவதிக்கு ஒரு சீட்டிப் பாவாடை, கொஞ்சம் கருவாடு. அவ்வளவுதான். கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது தெருமுனையில் தமுக்கு அதிர்ந்தது.

"மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டியாச்சு! ஊர்ச்சனம் யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது சாமியோவ்!"

பிச்சையம்மாள் தெருவுக்கு ஓடினாள். திருவிழாவுக்கு இன்னும் நாள் கிடக்கிறதே! விசாரித்தால், பக்கத்து ஊரில் அம்மை கண்டு மத்தியானம் ஒரு பிள்ளை போய்விட்டதாம். பயந்துபோன பெரிய மனிதர்கள் கோயிலில் கூடி, அந்தக் கணமே காப்பைக் கட்டிவிட்டார்கள். இனி திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிறவரை ஊர்க்காரர் எவரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. தங்கினால் ஆத்தா சும்மா விடமாட்டாள். காப்பு அவிழ்ப்பதற்குள், சிலோனுக்குப் போய் மூன்று மாதம் தங்கிவரப் பிச்சையம்மாளுக்குக் கொடுத்த பர்மிட்டோ காலாவதியாகிவிடும்.

அந்த பர்மிட்டுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? முன்னே மாதிரி நினைத்தவுடன் கண்டிச் சீமைக்குக் கிளம்பிவிட முடிகிறதா என்ன! அமராவதிக்குப் பிறகு உண்ணாமலைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் பிறந்த அன்றே கண்ணை மூடின. தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறை. புருஷனைத் தவிரத் தாங்கிப்பிடிக்க நாதியில்லை. 'மறுபடி மாசமா இருக்கேன், இந்தத் தடவை நீ பக்கத்துல இல்லேன்னா நானும் போயிருவேன்' என்று ஊருக்கு வந்த ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நேரே கொழுந்தன், செத்துப்போன புருஷனின் தம்பி வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனாள். அவர்தான் ஊருக்கு அம்பலம். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"தம்பி, என்னைய மட்டும் விட்டுருங்க."

வெள்ளைச்சாமி உள்ளே கையைக் காட்டினார். அவருடைய பேரன் வேப்பிலைப் படுக்கையில் முனகிக்கொண்டிருந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது.

"காலையில இருந்து காய்ச்சல் மதினி. அம்மையா என்னன்னு இன்னும் தெரியல. இந்த நேரத்துல நானே ஒங்கள அனுப்பிட்டு, நாளைக்கு இவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? ஒங்க மகளுக்கே ஆனா? ஆத்தாளுக்குக் கடலு ஒரு தூரமா?"

அவள் பயந்துகொண்டிருந்ததையே அவரும் சொல்லிவிட்டார். போகாவிட்டால் மகள் ஒண்டியாகக் கிடந்து சாவாள். காப்பை மீறிப் போனால் ஆத்தா கை வைப்பதும் அந்த மகள் மேல்தான். இங்கிட்டும் போக முடியாமல் அங்கிட்டும் போக முடியாமல், கட்டிய மூட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன ஊர். அந்த ஊரின் மேல் அவளுக்கு முதல்முதலாக ஆத்திரம் வந்தது.

காலையில் வளையல்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போவதைப் பார்த்தாள். இரண்டு நாளாகச் சாவடியில் தங்கி வியாபாரம் செய்தவர்தான். யாரும் தடுக்கவில்லை. பிச்சையம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று கோயிலுக்கு நடந்தாள். அங்கே பூசாரி பிச்சைமுத்துவும் அம்பலமும் நாலு பெரிய மனிதர்களும் இருந்தார்கள்.

"வளவிக்காரர மட்டும் எப்படி விட்டீக?"

"அவரு அசலூரு ஆத்தா. காப்பு ஊர்க்காரவுகளுக்குத்தானே?" என்றார் பூசாரி.

"அப்ப நானும் அசலூருதான். எழுதிக்கங்க."

ஆளாளுக்குக் கத்தினார்கள். என்ன பேச்சு இது, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்றார்கள். பூசாரிதான் கையமர்த்தினார்.

"வெறும் வாயால சொன்னாப் பத்தாது. ஆத்தா முன்னால சூடத்த அணைச்சுச் சொல்லணும். சொல்லிட்டா இந்த ஊரு ஒங்களுக்கு இல்ல. ஒங்க வீட்டுல நீங்க வெளக்கேத்த முடியாது. செத்தாலும் நம்ம சுடுகாடு கெடையாது. நல்லா ரோசிச்சுக்கங்க."

"மதினி, வேண்டாம்," என்றார் வெள்ளைச்சாமி. "மூணு மாசம் கழிச்சுச் சிலோன்காரன் வெளிய போன்னுருவான். அப்ப எங்க வருவீங்க?"

"எம்மக பிழைச்சுக் கெடக்கட்டும் தம்பி. அப்புறம் நான் எங்க கெடந்தா என்ன?"

பூசாரி தரையில் சூடத்தைக் கொளுத்தினார். பிச்சையம்மாள் உள்ளங்கையால் அதைப் பொத்தினாள். தோல் கருகியது. "நான் இந்த ஊர்க்காரி இல்ல," என்றாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். வெள்ளைச்சாமி எல்லைக்கல்வரை கூடவே வந்து அங்கேயே நின்றுவிட்டார்.

ஆலங்குடியில் பஸ், புதுக்கோட்டையில் ரயில், அப்புறம் மண்டபம் கேம்பு. சிலோன் போகிறவர்களை அங்கேதான் அடைத்துவைத்துச் சோதித்து அனுப்புவார்கள். கம்பி வேலிக்குள் சனம் நெரிந்தது. கடைசியாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர் முன்னால் வரிசை நின்றது.

"எங்க போற?"

"மக வீட்டுக்கு. பிள்ளைப்பேறு பாக்க."

"மூணு மாசம் முடிஞ்சு எந்த ஊருக்குத் திரும்புவ?"

பிச்சையம்மாள் உள்ளங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கேக்குதா? எந்த ஊரு?"

ஆத்தா முன்னால் சத்தியம் செய்த வாய். உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் உடையவில்லை. பொறந்த ஊரைச் சொல்லலாம் என்றால் அங்கே அவளுக்கு ஒரு கூரைகூட மிச்சமில்லை. பர்மிட்டில் இருப்பதும் அந்த ஊர் இல்லை.

"திரும்பிப் போக ஊரில்லாதவங்கள நாங்க அனுப்புறதில்ல. ஓரமா நில்லு. அடுத்த ஆளு வா!"

பின்னால் நின்றவர் அவளை முழங்கையால் தள்ளினார். இவ்வளவையும் தொலைத்துவிட்டு இந்தக் கம்பி வேலியோடு நிற்கவா வந்தாள்? அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நெடுங்கரைப்பட்டிங்க," என்றாள். "திருவரங்குளத்துக்குப் பக்கத்துல. அம்பலம் வெள்ளைச்சாமி எங்கொழுந்தன். அதான் எங்க ஊரு. அங்கதான் வருவேன்."

சொல்லி முடிக்கும்முன் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சூடத்தைப் பொத்தியபோது வராத அழுகை. முந்தானையை வாயில் திணித்தும் நிற்கவில்லை. கண்ணாடிக்காரர் சங்கடப்பட்டுப் போனார். முத்திரையைக் குத்திக் கொடுத்தபடி இதமாகச் சொன்னார்.

"ஏம்மா அழுவுற? கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள மூணு மாசம் ஓடிரும். ஒன் ஊரு எங்கயும் போயிராது."

பிச்சையம்மாள் தலையை ஆட்டிவிட்டு, போகிறவர்கள் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.