சாகக் கூடாத மாடு

சாவ் லூயிஸில் ஜூன் மாதம் வந்தால் மாடு சாகும், செத்த மாடு எழுந்திருக்கும். ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரிந்த திருவிழா ஆட்டக் கதை இது. பிள்ளைத்தாய்ச்சி கத்திரீனாவுக்கு முதலாளியின் செல்ல மாட்டு நாக்கைத் தின்ன ஆசை வரும். புருஷன் சிக்கோ மாட்டை வெட்டிவிடுவான். தலையில் இறகு சூடிய வைத்தியர் வந்து கிலுகிலுப்பையை ஆட்டி அதை எழுப்பிவிடுவார். அப்புறம் ஊரே ஆடும். இதில் போய்க் குறை கண்டுபிடிக்க ஒரு பாலர் பள்ளியால்தான் முடியும்.

ஜுசேலியா அந்தப் பள்ளியில் வாண்டுகளுக்குப் பாட்டும் ஆட்டமும் கதையும் சொல்லித்தரும் அத்தை. டீச்சர்களை அங்கே பிள்ளைகள் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் ஆட்டக்குழுவில் முன்பாட்டுக்காரி அவள், வாயும் கொஞ்சம் நீளம். அதனால் தலைமையாசிரியை டோனா வால்டிரேனி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு புகார் வந்துச்சுன்னா, அடுத்த வருஷம் நீ இங்க இல்ல."

இந்தப் பிள்ளைகளை விட்டால் ஜுசேலியாவுக்கு வேறு உலகம் கிடையாது. வாயைக் கட்டிக்கொண்டாள்.

இந்த ஜூனில் பிள்ளைகள் ஆடப்போகும் மாட்டுக் கதை மேல் புகார் வருவதற்கு முன்பே கேட்டுவிடலாம் என்று மேடம் பெற்றோர் கூட்டம் போட்டார். கேட்டதுதான் வினை.

முதலில் எழுந்தவர் வக்கீல் இவாண்ட்ரோ. அவர் மகன் காயிக்கேதான் சிக்கோ. "அஞ்சு வயசுப் பையன் கையில கத்தியா? ஒரு உயிரை வெட்டுறதா? பிள்ள மனசு என்னத்துக்கு ஆகும்?" கத்தி போயிற்று. சிக்கோ மாட்டைக் கட்டிப்பிடிப்பான் என்று முடிவாயிற்று. அடுத்து ஒரு அம்மா, கர்ப்பிணிக்கு நாக்கைவிட கேரட் நல்லது என்றாள். கேரட் வந்தது. கடைசியாக எழுந்தாள் கிராசிலேனி. சபைக்குப் போகிறவள். அவள் மகள் ராயானிதான் வைத்தியர்.

"கிலுகிலுப்பைய ஆட்டிச் செத்தத எழுப்புறதா? பிசாசு வேல! எம் பொண்ணு செய்ய மாட்டா. வேற யாரும் செய்யவும் கூடாது."

வைத்தியரும் போனார். ராயானியை மாட்டு வேஷத்துக்குள் போட்டார்கள். மாட்டுக்கு மதம் கிடையாது என்பதால் கிராசிலேனிக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

மிச்சம் என்ன? ஒருத்தி கேரட் கேட்கிறாள், புருஷன் கொண்டுவந்து கொடுக்கிறான், மாட்டைக் கட்டிப்பிடிக்கிறான். இது கதையா, காய்கறிக் கடையா? ஜுசேலியா வீட்டுக்குப் போய்த் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் முழுக் கதையையும் மார்ச் மாதமே பிள்ளைகளுக்கு ஆடிக்காட்டிவிட்டாள். அதைப் பிடுங்கத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை.

விழா அன்று முற்றத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு. மேளத்தோலைச் சமையலறை அடுப்பில் காட்டி முறுக்கேற்றினார்கள். பெற்றோர்கள் வழக்கம்போல் வீட்டிலிருந்தே தாளக்கட்டைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். கறுப்பு வெல்வெட்டில் ஜிகினா மின்ன மாடு நுழைந்தது. கட்டைகள் அதிர்ந்தன. கேரட் வந்தது. காயிக்கே கட்டிப்பிடித்தான். அவ்வளவுதான், கதை முடிந்தது.

மாடு சுற்றி வந்தது. மறுபடி சுற்றி வந்தது. தாளம் ஏறிக்கொண்டே போனது, நடக்கத்தான் ஒன்றுமில்லை. எல்லோரையும்விட ஓங்கி அடித்துக்கொண்டிருந்த இவாண்ட்ரோவுக்குச் சட்டையெல்லாம் வியர்வை.

"என்னடா வேடிக்க பாக்குற? வெட்டுடா!"

"நீங்கதானப்பா வேணாம்னீங்க?"

"அது அப்போ! தாளம் ஏறிருச்சுடா, வெட்டு!"

"கத்தி இல்லியே!"

"கேரட்டால வெட்டுடா மடையா!"

முற்றமே "வெட்டு! வெட்டு!" என்று கத்தியது. மேடம் கண்ணை உருட்டினார். மாட்டை வெளியே அனுப்ப ஒரே ஒரு அடி பாடினால் போதும், ஜுசேலியாவின் வேலை பிழைக்கும். காயிக்கே அவளையே பார்த்தான். அவள் பாடவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

காயிக்கே கேரட்டை ஓங்கி ஒரு போடு போட்டான். மாடு விழுந்தது. முற்றம் ஆரவாரித்தது. அப்புறம் அடங்கியது. அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது.

"எழுப்பு!" என்று மேடம் ஜுசேலியாவிடம் பல்லைக் கடித்தார்.

"எழுப்புறவரைத்தான் நீக்கிட்டமே மேடம்," என்றாள் ஜுசேலியா.

கிராசிலேனி ஓடிவந்தாள். "ராயானி, எந்திரிடி."

வெல்வெட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "ராயானி இல்ல. மாடு. செத்துப்போச்சு."

"கண்ணுல்ல, எந்திரிம்மா."

"செத்த மாடு பேசாது."

கிராசிலேனி மாட்டின் மேல் கைவைத்து, கண்ணை மூடி, ஆண்டவரைக் கூப்பிட்டு உருக்கமாக ஜெபித்தாள்.

"அது இல்லம்மா. கிலுகிலுப்ப."

சின்னதுகள் நிஜமாகவே தேம்பத் தொடங்கின. ஒன்று போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. ஜுசேலியா இடுப்பிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்து கிராசிலேனியிடம் நீட்டினாள். சபைக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கிராசிலேனி சுற்றுமுற்றும் பார்த்தாள். வாங்கி லேசாக ஆட்டினாள்.

"சத்தமா!" என்றது மாடு.

ஆட்டினாள். என்ன இருந்தாலும் இந்த ஊரில் பிறந்தவள்தானே, கால் தானாகத் தரையை மிதித்தது, இடுப்பு கூடவே போனது. மாடு துள்ளி எழுந்தது. முற்றம் வெடித்தது. ராயானி மாட்டைக் கழற்றிப்போட்டுவிட்டுச் சோளக்கஞ்சி குடிக்கப் போன பிறகும் அவள் அம்மா ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.

திங்கட்கிழமை ஜுசேலியாவுக்கு மேடம் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே கிராசிலேனி உட்கார்ந்திருந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"இவங்க மேல ஒரு புகார் மேடம்," என்றாள் கிராசிலேனி. "அத்தன பேர் முன்னாடி என்னை வெறுந்தலையோட ஆட விட்டுட்டாங்க. வைத்தியர்னா தலையில இறகு வேணாமா?"

மேடம் ஜுசேலியா பக்கம் திரும்பினார். "ஜுசேலியா, இத நான் புகாரா எடுத்துக்கணுமா?"

"எடுத்துக்கங்க மேடம்," என்ற ஜுசேலியா, தையல் நாடாவை எடுத்து கிராசிலேனியின் தலையைச் சுற்றி அளக்க ஆரம்பித்தாள்.