காற்று வீசிய சனிக்கிழமை

கோரினின் இடது புருவத்தில் ஏழு தையல் போட்ட தழும்பு இருந்தது. போன வருஷம் மைதானத்தில் ஒருத்தி எறிந்த கொடிக்கம்பின் முனை அங்கேதான் இறங்கியது. அன்றிலிருந்து தலைக்கு மேல் கம்பு சுழலும் சத்தம் கேட்டாலே அவள் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை. சீனியர்கள் படிப்பு முடித்துப் போய்விட, இந்த வருஷம் கல்லூரி பேண்டோடு கொடி சுழற்றி ஆடும் கொடிக்குழுவுக்கு அவளே கேப்டன். மொத்தம் பதினாறு பேர். அதில் பதினொரு பேர் ஆகஸ்டுக்கு முன் கொடியைத் தொட்டதே இல்லை.

ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் அவர்கள் நடத்தும் நிகழ்ச்சியில் ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் ஆறடிக் கம்பை மேலே எறிந்துவிட்டு, பக்கத்து இடத்துக்கு ஓடி, அங்கே இறங்குவதைப் பிடிக்க வேண்டும். கோரின் அதை நினைத்தே பல நாள் தூங்கவில்லை.

அக்டோபர் சனிக்கிழமை ஒன்றில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அறுவடை முடிந்த சோளக் காடுகளைத் தாண்டிக் காற்று அடித்துக்கொண்டு வந்தது. மைதானத்து ஓரத்தில் கொடிகள் படபடத்தன.

"கேப்டன், இன்னிக்கு எறிஞ்சா நேரா பக்கத்து மாநிலம் இந்தியானாவுலதான் போய் விழும். நான் முன்னாடியே போய் நிக்கட்டா?" என்றான் புதியவன் டோபின். எல்லோரும் சிரித்தார்கள். கோரின் படபடக்கும் கொடிகளையே பார்த்தாள்.

"என்னைப் பாருங்க. கைய விரிச்சா எறியுங்க. முஷ்டி மடக்கினா எறியாதீங்க, சும்மா சுத்துங்க," என்றாள்.

அந்தக் கட்டம் வந்தபோது கோல் கம்பத்து நாடாக்கள் காற்றில் விறைத்து நின்றன. அவள் முஷ்டி மடக்கினாள். எல்லோரும் எறியாமல் சுழற்றினார்கள், ஒருத்தியைத் தவிர. கடைசி வரிசையில் இருந்த மார்லோவின் கண்ணை முன்னால் நின்றவளின் கொடி மறைத்திருந்தது. சைகை தெரியாமல் மார்லோ எறிந்துவிட்டாள்.

தன்னந்தனியாக ஏறிய கம்பைக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. கீழே டோபின் முதுகைக் காட்டி நின்றான். கோரினின் கால்கள் ஒரு கணம் மண்ணில் புதைந்தது போல அசைய மறுத்தன. அப்புறம் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கையை நீட்டியதும் கம்பு சுண்டுவிரலில் மோதி, எகிறி, புல்லில் விழுந்தது. டோபின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விண் விண் என்று தெறித்த விரலோடு அவள் நிகழ்ச்சியை முடித்தாள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும், அவர்கள் வந்த பேருந்தின் பின்னால் மார்லோ அழுதுகொண்டிருந்தாள்.

"நான் விட்டுடறேன் கோரின். யாரையாவது கொன்னுடுவேன் போல."

"தப்பு என்னுது. கடைசி வரிசைக்குத் தெரியாத சைகைய நம்பி உங்க எல்லாரையும் நிறுத்தினேன்." கோரின் வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் பயம்தான். தினமும். இன்னிக்கு ஓடறதுக்கு முன்னாடி உறைஞ்சு போயிட்டேன், தெரியுமா?"

மார்லோ அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "நீயா?"

திங்கட்கிழமை கோரின் அதையே பதினாறு பேர் நடுவிலும் சொன்னாள். பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. நாலு பேர் தங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். ஒருத்தி மட்டும் குழுவிலிருந்து விலகிப் போனாள். அவள் மார்லோ அல்ல. இனிமேல் சைகை வேண்டாம், வாய்விட்டுக் கத்துவோம் என்று முடிவானது. கடைசி வரிசையிலிருந்து கத்தும் வேலை மார்லோவுக்கு.

நவம்பரில், கடைசி ஆட்டத்தன்று காற்று இல்லை. "எறி!" என்று மார்லோ தொண்டை கிழியக் கத்தினாள். பதினைந்து கம்புகள் மேலே போயின. கோரின் கண்ணை மூடாமல், பயத்தோடே ஓடினாள். இரண்டு கம்புகள் தரையில் விழுந்தன. யார் மேலும் படவில்லை.