ஏழு அடியா, ஆறடி இரண்டு அங்குலமா

இரும்பு டேப்பு ஒன்று எந்நேரமும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். கடையில் வாங்கிய கயிற்றை வாசலிலேயே நின்று அளப்பார். பக்கத்து வயல்காரர் போட்ட வேலி நாலு விரல் தன் பக்கம் வந்துவிட்டதென்று ஆறு மாதம் அவரோடு பேச்சை நிறுத்தியவர். அதனால் எல்லோருக்கும் அவர் டேப்பு. ஒன்பது மாடு, மூன்று கன்று. வயல் வேலையும் பாலை வண்டியில் கொண்டுபோய் ஊற்றுவதும் அவர் பொறுப்பு. கறப்பதும், தொழுவத்தில் சாணி அள்ளுவதும், மாட்டுக்கு வைக்கோல் விரிப்பதும் மனைவி பொறுப்பு.

அந்த மனைவிதான் ஒரு மாதமாக ஒற்றைக் காலில் நின்றாள். "மழைக்கு முன்னாடி ஒரு சின்ன டிராக்டர் வந்தாகணும். இல்லன்னா அஞ்சு மாட்டை வித்துடலாம்."

"இத்தனை வருஷம் இல்லாத டிராக்டர் இப்ப எதுக்கு?"

"என்னால முடியல" என்றாள், அவ்வளவுதான்.

ஒன்பதில் ஐந்து போனால் அப்புறம் அதற்குப் பண்ணை என்று யார் பெயர் சொல்வது? இருபது வருடம் பாடுபட்டுச் சேர்த்த மாடுகள். ஆனாலும் மூளை தன் வேலையை விடவில்லை. நேற்று வரை முடிந்தது இன்றைக்கு எப்படி முடியாமல் போகும்? இதில் என்னமோ இருக்கிறது. போதாததற்கு, எந்த டிராக்டர் என்பதைக்கூட அவளுடைய அண்ணன் தேடிப்பிடித்துத் தயாராக வைத்திருந்தார். பெண்டாட்டியின் அண்ணன் சும்மா அலைந்து திரிந்து வண்டி பார்ப்பாரா? சோழியன் குடுமி சும்மா ஆடாது.

மச்சானோடு பழைய வண்டி விற்கும் கொட்டகைக்குப் போனார். தகரக் கூரையின் கீழே இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று இருபத்திரண்டு எச்பி. முன்னால் சாணி அள்ளுகிற தொட்டி, ஓட்டுகிறவர் தலைக்கு மேலே பாதுகாப்புக்கு ஓர் இரும்பு வளைவு. இன்னொன்று அதைவிடக் குட்டை. வளைவும் இல்லை, தொட்டியும் இல்லை.

டேப்பு முதலில் பெரிய வண்டியின் எஞ்சின் மேல் கை வைத்தார்.

"சூடா இருக்கே?"

"வெளியே எடுத்துத் திருப்பி நிறுத்தினேங்க, அதான்" என்றார் வியாபாரி.

"காலைல குளிர்ல ஸ்டார்ட் ஆகாதுன்னு முன்கூட்டியே ஓட்டி வச்சீங்களா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேங்க!"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் என்று டேப்பு நினைத்துக்கொண்டார். கிளட்ச் பெடலைக் குனிந்து பார்த்தார். மணிக்கணக்கு காட்டும் மீட்டரில் ஆயிரத்துக்கும் கீழே ஓடியிருந்தது, ஆனால் பெடல் ரப்பர் புத்தம் புதுசு. தேயாத ரப்பரை எவன் மாற்றுவான்? அதற்குள் வியாபாரி மச்சானை "அண்ணே" என்று கூப்பிட்டு, காதோரம் ஏதோ சொல்லிச் சிரித்தார். மச்சானும் சிரித்தார். டேப்புக்குக் கொடுத்த டீ அப்படியே ஆறிப்போனது.

"வண்டி மேல சந்தேகம்னா, எஞ்சினை ஆறவிட்டு நாளைக்கு வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றார் மச்சான். "ஆனா அந்தக் குட்டை வண்டி நமக்கு ஆகாது மாப்பிள்ளை. அதுல தொட்டியை மாட்டி ஈரச் சாணியைத் தூக்கினா பின்சக்கரம் எழும்பிடும். எடை பத்தாது."

நியாயமான பேச்சு. அதுதான் டேப்பை இன்னும் உறுத்தியது. நியாயமாகப் பேசுகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இரும்பு டேப்பை இழுத்துத் தரையிலிருந்து வளைவின் உச்சி வரை அளந்தார். ஆறடி ஆறு அங்குலம்.

"தொழுவத்து உத்தரம் என்ன உயரம் மச்சான்?"

"ஏழு அடி. நானே அளந்தேன்."

பொய்யைப் பிடித்துவிட்டார். டேப்புக்கு உடம்பெல்லாம் ஒரு குளுமை பரவியது. "இன்னைக்குக் காலைல நான் அளந்தேன். வைக்கோலைக் காலால விலக்கிட்டு, கெட்டித் தரையில வச்சு அளந்தேன். ஆறடி ரெண்டு அங்குலம். இந்த வண்டி உள்ளேயே நுழையாது. பத்து அங்குலம் பொய் சொல்றதுக்கு இந்த வியாபாரி உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்?"

வியாபாரி ஒரு துணியை எடுத்துத் துடைக்க வேண்டாத விளக்கைத் துடைத்தார். மச்சானின் முகம் கறுத்தது.

"தங்கச்சி முகத்துக்காகப் பார்க்கிறேன்" என்றார். "அவ சொல்ல வேண்டாம்னு..." பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

"என்ன சொல்ல வேண்டாம்னு சொன்னா?"

"ஒண்ணுமில்ல. உங்க வீட்டுப் பக்கம் இனி நான் வரல." மச்சான் செருப்பைத் தேய்த்தபடி நடந்தே போய்விட்டார்.

ஆக, அண்ணனும் தங்கையும் கூட்டு. வழிநெடுக டேப்புக்கு அதே நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் மனைவியை நிறுத்திவைத்து அவள் கண் முன்னாலேயே அளந்து காட்ட வேண்டும். அவள் தொழுவத்தின் மறுகோடியில் கறந்துகொண்டிருந்தாள். அவர் தண்ணீர்த் தொட்டியருகே நின்று உத்தரத்தை நோக்கி டேப்பை இழுக்கும்போது முழங்கால் தொட்டியின் விளிம்பில் இடித்தது.

அந்தத் தொட்டியை அவர்தான் நின்று கட்டுவித்தார். உயரம் இரண்டரை அடி, தொடைக்கு வரும். இப்போது முழங்காலுக்குத்தான் வந்தது. அளந்தார். ஒன்றே முக்கால் அடிகூட இல்லை. சட்டென்று அவருக்குப் புரிந்துவிட்டது: கொத்தனார் ஏமாற்றியிருக்கிறான்! அஸ்திவாரமே போடாமல் கட்டியிருக்கிறான், தொட்டி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கொத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கடப்பாரையை எடுத்து, அடியைப் பார்க்கலாமென்று குத்தினார்.

கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. முக்கால் அடிக்கும் மேலே போய்த்தான் சிமெண்டில் 'டங்' என்றது.

கிளறிப் பார்த்தார். வைக்கோலும் சாணியும், சாணியும் வைக்கோலும், அடுக்கடுக்காக மிதிபட்டு இறுகிப்போய். வேறொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் அதே பத்து அங்குலம். வைக்கோல் வேகமாகக் குறைகிறது, வேலி போட்ட பக்கத்து வயல்காரன்தான் திருடுகிறான் என்று போன மாதம் வைக்கோல் கொட்டகைக்குப் பூட்டு வாங்கி மாட்டினாரே, அந்த வைக்கோல் முழுக்க இங்கேதான் கிடந்தது.

மனைவி பால் வாளியோடு வந்து நின்றாள். கடப்பாரையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சாணி அள்ளவே இல்லையா நீ?"

"ஆரம்பத்துல கொஞ்சம் கொஞ்சம் அள்ளினேன். அப்புறம் அதுவும் முடியல. மாடு ஈரத்துல படுக்கக்கூடாதுன்னு மேலே மேலே வைக்கோலைப் போட்டேன்."

"உங்க அண்ணன் எப்ப அளந்தார்?"

"அஞ்சு மாசம் ஆச்சு. என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டு வந்த அன்னைக்கே, டிராக்டர் நுழையுமான்னு. அப்ப தரை சுத்தமா இருந்துச்சு."

"டாக்டரா? எதுக்கு?"

"தோள். பாரம் தூக்கினா அந்தக் கை விளங்காமப் போயிடும்னு சொல்லிட்டார்."

டேப்பு கடப்பாரையைச் சுவரில் சாய்க்கப் போனார். அது சரிந்து விழுந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"போன வருஷம் முதுகு வலிக்குதுன்னு சொன்னேன். வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறியான்னு கேட்டீங்க. சிரிச்சுக்கிட்டுதான் கேட்டீங்க. ஆனா கேட்டீங்க." குரலை உயர்த்தாமலே சொன்னாள். "தோள்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் டாக்டர் சீட்டை எடு என்றுதான் முதலில் கேட்டிருப்பார். அது அவருக்கே தெரிந்தது. பத்து அங்குலப் பொய்யென்று வியாபாரி முன்னால் ஒரு மனிதரை அவமானப்படுத்தி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

"இதை நான் அள்ளிடறேன். தரை தெரிஞ்சுதுன்னா அந்தப் பெரிய வண்டி தாராளமா உள்ளே வரும். அதையே எடுத்துடலாம். அண்ணன்கிட்டயும் நானே போய்..." மேலே சொல்லத் தெரியாமல் நிறுத்தினார். பிறகு மெதுவாக, "எந்தத் தோள்?" என்று கேட்டார்.

"வலது. அஞ்சு மாசமா ஒத்தைக் கையாலதான் கறக்கிறேன்."

வாளியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். பால் அளவு குறைகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அவள் வாளியைச் சாய்த்து உள்ளே காட்டினாள்.