முதல் வகுப்பின் நான்கு மூலைகள்

தாரணியின் பி.எஸ்ஸி. சர்டிபிகேட் தலைமை ஆசிரியை சாந்தகுமாரியின் பச்சை பீரோவுக்குள் இருந்தது. அந்தப் பள்ளியில் ஒரிஜினலைக் கொடுத்தால்தான் வேலை. நடு வருஷத்தில் யாரும் ஓடிவிடக் கூடாதல்லவா. ஜூனில் சேர்ந்தபோது அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது ஜனவரி. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூட வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இன்டர்வியூ. ஜெராக்ஸ் செல்லாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

மூன்று நாள் தயங்கி, நாலாம் நாள் கேட்டாள்.

"தர்றேன்மா, யாரு இல்லேன்னா? வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டை கார்னர் கார்னரா செட் பண்ணு. இப்ப எல்லா ஸ்கூல்லயும் அதானே கேக்கறாங்க. முடிஞ்சதும் கையோட வாங்கிக்கோ."

ஒரு வகுப்பறைதானே என்று தாரணி நினைத்தாள்.

பெஞ்சுகளை வெளியே போட்டாள். ஆயா ருக்கு மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஒரு மூலையில் எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் சோடா மூடிகளும். இன்னொன்றில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டிய படக்கதைகள். மூன்றாவதில் காலி டப்பாக்களும் தராசும் வைத்து ஒரு கடை. நான்காவதில் காந்தம், பூதக்கண்ணாடி, ஈரப்பஞ்சில் முளைவிட்ட அவரைக்கொட்டை. அந்த மூலைக்கு மட்டும் இரண்டு சாயங்காலம் ஆயிற்று. பிள்ளைகள் நான்கு கூட்டமாகப் பிரிந்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை மூலை மாற வேண்டும்.

"முன்ன இருந்த ரமா மிஸ்ஸும் சர்டிபிகேட்டுக்கு இப்படித்தான் நடையா நடந்துச்சு," என்றாள் ருக்கு. "கல்யாணப் பத்திரிகையைக் காட்டுனப்புறம்தான் பீரோ தொறந்துச்சு. நீயும் ஒண்ணு அடிச்சுக்கோ டீச்சர்."

"மாப்பிள்ளை பேரு?"

"எம்பையன் பேரைப் போட்டுக்கோ. அவனும் சும்மாதான் இருக்கான்."

தாரணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி கிருஷ்ணப்பா வந்தார். மற்ற வகுப்புகளை வாசலிலிருந்தே பார்த்தவர், இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தரையில் உட்கார்ந்து, ஒரு பெண்குழந்தை நீட்டிய பூதக்கண்ணாடி வழியாக அவரைக்கொட்டையின் முளையைப் பார்த்தார். பிள்ளைகளின் கடையில் கால் கிலோ துவரம்பருப்பு கேட்டார். பருப்புக்குப் பதில் சோடா மூடிகளை நிறுத்துக் கொடுத்தார்கள்.

"யாரு மாடித்து?" யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்டார்.

"நம்ம தாரணி மிஸ்தான் செஞ்சது சார்," என்றாள் சாந்தகுமாரி.

இவர் முன்னால் கேட்டால் மேடம் மறுக்க மாட்டார்கள் என்று தாரணிக்குத் தோன்றியது. திங்கட்கிழமை இன்டர்வியூ இருப்பதையும், ஒரிஜினல் சர்டிபிகேட் மேடத்திடம் இருப்பதையும் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்லி முடித்தாள். அந்தப் பள்ளியில் பெரியவர்களிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

கிருஷ்ணப்பா சிரித்தபடி சாந்தகுமாரியின் பக்கம் திரும்பினார். "ஒள்ளே டீச்சர். பிடபேடி மேடம்."

நல்ல டீச்சர், விட்டுவிடாதீர்கள். பாராட்டாகத்தான் சொன்னார்.

அவருடைய ஜீப் போனதும் தாரணி அலுவலக அறை வாசலில் போய் நின்றாள். சாந்தகுமாரி கோபப்படவில்லை. எழுந்து வந்து தோளில் தட்டினாள்.

"கேட்டேல்ல, அவரே சொல்லிட்டாரு. மார்ச் முடியட்டும்மா. நாளைக்கு செகண்ட் ஸ்டாண்டர்டை ஆரம்பிச்சுடு. அஞ்சு கிளாஸும் எனக்கு இதே மாதிரி வேணும்."

சனிக்கிழமை பிள்ளைகள் மதியமே போய்விட்டார்கள். இரண்டாம் வகுப்பின் வெற்றுச் சுவர்களைப் பார்த்தபடி நின்றபோது தாரணிக்கு ஒரு யோசனை வந்தது. மோசமாகச் செய்தால் போதும். இவள் வேண்டாம் என்று அவர்களே பீரோவைத் திறப்பார்கள்.

பழங்களின் சார்ட்டை எடுத்து, அளக்காமல், கோணலாக ஒட்டினாள்.

"சாஞ்சிருக்கே டீச்சர்," என்றாள் ருக்கு.

"இருக்கட்டும்."

ருக்கு பசைச் சட்டியைக் கழுவப் போனாள். தாரணி அடுத்த சார்ட்டை விரித்தாள். கண் முதல் சார்ட்டுக்கே போனது. கீழே எழுதியிருந்த பழங்களின் பெயர்கள் சுவரில் சரிந்து இறங்கின. அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும்.

பசை இன்னும் காயவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் உரித்தாள். ஜன்னல் சட்டத்திலிருந்து ஸ்கேலால் அளந்து, இரண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, நேராக ஒட்டினாள்.