ஒரு கை பூனை மேல்

"நான் அமுக்கினேன்டா. அமுக்கலன்னு சொல்ல நீ என்ன பக்கத்துலயா இருந்த?"

"கன்ட்ரோலையும் பி-யையும் சேத்து அமுக்கணும்க்கா. வெறும் பி-யைத் தட்டினா சீட்டு எப்படி அச்சாகும்?"

பரிசோதனை அறையில் அக்காவும் தம்பியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கால்நடை மருத்துவர். வேலையை விட்டுவிட்டுத் தம்பி சொந்தமாக எழுதிய மென்பொருளுக்கு முதல் வாடிக்கையாளரும் அவள்தான். அதுவோ மருந்துச் சீட்டை அச்சடிக்காமல், மருந்தின் பெயருக்குப் பின்னால் ஆங்கில பி-யாகக் கொட்டியது.

கவுன்டரிலிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். "நாய்க்காரர் திரையைப் பாத்துட்டுக் கேக்குறார், இந்த பிபிபி சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு."

"நீங்க வேற, அத்தான்."

தம்பி இரண்டு கையாலும் தட்டிக் காட்டினான். சீட்டு சமர்த்தாக வெளியே வந்தது.

"உன் கை பட்டா வருது, என் கை பட்டா வரல. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் பழைய மென்பொருளுக்கே போயிடுவேன். தம்பின்னெல்லாம் பாக்க மாட்டேன்."

 சொந்த அக்காவே வேண்டாமென்றால் வேறு யார் வாங்குவார்கள்?

அடுத்து வந்தது ஒரு கொழுத்த பூனை. பெயர் முதலாளி. அக்கா இடது கையால் அதன் பிடரியை அழுத்திக்கொண்டு, வலது கையால் எடையையும் மருந்தையும் தட்டினாள். கடைசியில் அதே கையின் கட்டைவிரல் வலது பக்கத்து கன்ட்ரோலுக்குப் போனது, நடுவிரல் பி-க்கு. திரையில் இன்னொரு பி விழுந்தது.

"அக்கா, கையை எடுக்காத. அப்படியே இரு."

"எடுத்தா முதலாளி உன்னத்தான் பிறாண்டுவாரு."

விசைப்பலகையில் கன்ட்ரோல் இரண்டு. அவன் கை எப்போதும் இடது பக்கத்துக்கே போகும். நிரலிலும் அந்த ஒரு விசையைத்தான் கவனிக்கச் சொல்லியிருந்தான். வலது பக்கம் அமுக்கினால் நிரலுக்கு வெறும் பி மட்டும்தான் தெரியும். இரண்டில் எது அழுந்தியிருந்தாலும் சரி என்று மாற்றினான். ஷிப்டுக்கும் ஆல்ட்டுக்கும் அப்படியே செய்தான்.

அக்கா ஒற்றைக் கையால் தட்டினாள். சீட்டு வந்தது.

"இப்பவாவது ஒத்துக்கோ. நான் அமுக்கினேன்."

"அமுக்கினக்கா. நான்தான் பாக்கல."

அவள் கவுன்டர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அந்தப் பழைய மென்பொருளை அழிச்சிடுங்க."

"அப்போ பிபிபி இனிமே ஸ்டாக் இல்லன்னு சொல்லிடவா?" என்றார் அத்தான்.

தம்பிக்கு இப்போது வேறொரு கவலை. இப்படி இன்னும் எத்தனை கைகளை அவன் கவனிக்காமல் விட்டிருப்பான்? உங்கள் ஒரு கையில் போனோ குழந்தையோ இருக்கும்போது மறு கை எந்த விசைகளுக்குப் போகிறது? கீழே எழுதுங்கள். அவனிடம் காட்ட வேண்டும்.