சிவக்காத மஞ்சள்

முழங்கால்தான் முஜீபுக்கு எமனாக வந்தது. உட்கார்ந்தால் வலி இல்லை, நடந்தால் வலி இல்லை. ஓடினால் மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவன் ஓடித்தான் ஆகவேண்டும். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். ஓட்டம் பாக்கி. வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிகிறது. அதனால் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் வேலை முடிந்ததும் புதுவாயல் சர்வீஸ் ரோட்டில் தினமும் ஓடினான்.

மனைவி ஹுமைரா பிரசவத்தில் போனபின், குழந்தை நௌஷீன் பழவேற்காட்டில் மாமனார் வீட்டில் வளர்ந்தாள். மாமனார் அஸ்கர் அலி கறாரான வியாபாரி.

"ஷிப்ட்டு ஆளுங்களோட ஒத்த ரூம்ல கீற. அங்க பச்சப்புள்ளய எங்க வெச்சிப்ப மாப்ள? கவர்மெண்ட்டு வேலயோட வா. கோட்ரஸ் குடுப்பான், அக்கம்பக்கம் குடும்பம் இருக்கும். புள்ளய தூக்கிக்கினு போ."

அதற்குமேல் பேச்சில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்பேட்டையில் ஒரு மூலிகை மாத்திரைக் கம்பெனி, தன் முட்டிவலி மாத்திரையைச் சாப்பிட்டுச் சோதிக்க ஆள் தேடியது. உடம்பில் வேறு கோளாறு இருக்கக்கூடாது. ஓடி ஆடினால் முழங்கால் மட்டும் வலிக்கவேண்டும். முஜீப் சேர்ந்தான். ஆலையில் கூட வேலை பார்த்த ஜனார்தனனும் சேர்ந்தான். அவன் திருவள்ளூர்க் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை. வாலிபால் ஆடி முட்டியைக் கெடுத்துக்கொண்டவன்.

கம்பெனிப் பெண் ஸ்ரேயா ஆளுக்கொரு டப்பா கொடுத்தாள். "சில டப்பாவுல மஞ்சள் சத்து இருக்கும், சிலதுல வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது சார். பிரிச்சு மட்டும் பாக்காதீங்க."

முஜீபுக்கு வலி குறைந்தது. முதலில் அவனே நம்பவில்லை. ஒருநாள் கவரைப்பேட்டை வரை ஓடித் திரும்பியும் முழங்கால் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே பஜாருக்குப் போய், குழந்தைக்கு ஒரு சின்னக் கொசுவலை வாங்கிவந்தான்.

ஓட்டத் தேர்வு நெருங்கியபோது, முத்தம்மாவின் வெற்றிலைக் கடை வாசலில் ஜனார்தனன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்து நின்றான்.

"இன்னா பாய், மானு மாரி ஓட்ற. எனுக்கு மட்டும் அப்டியே கீது."

"பொங்கல கொறச்சிக்கோ சாமி. முட்டி தானா சரியாவும்."

"எனுக்கு மாவு டப்பாவ தள்ளிட்டாங்கடா. இப்பவே பாத்துட்றேன்."

வீட்டு விசேஷங்களில் ஆலத்தி கரைத்துப் பழகிய கை அவனுடையது. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். முத்தம்மாவின் சுண்ணாம்பை விரலால் தொட்டு, தன் மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் குழைத்தான். ரத்தமாய்ச் சிவந்தது.

"அட, நெஜ மஞ்சளுடா! அப்புறம் இன்னாத்துக்கு வலிக்குது?" சிரித்தான். "குடு உன்னுத. சேத்துக் கரச்சு உனுக்கு ஆலத்தி சுத்தறேன்."

"வேணா சாமி. பிரிக்கக்கூடாதுன்னாங்க."

"குடுடா, பெரிய போலீஸ்காரன்."

கொடுத்தான்.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஜனார்தனன் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துத் தேய்த்தான். வெளுத்ததே தவிர சிவக்கவில்லை.

முத்தம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாப்பா அது, கலர் மாவா?"

ஜனார்தனன் கையை அவசரமாகக் கால்சட்டையில் துடைத்தான். "உடு பாய். மாவோ மண்ணோ, உனுக்கு கேட்டுச்சில்ல?"



மறுநாள் ஓடியபோது வலி திரும்பியது, வெளியூர் போய்வந்த வீட்டுக்காரன் மாதிரி உரிமையோடு. ஜனார்தனன் தன் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினான். முஜீப் வாங்கி விழுங்கினான். சிவக்கிற மாத்திரையும் கேட்கவில்லை.

திருவள்ளூர் மைதானத்தில் கடைசிச் சுற்றில் வலதுகால் மடங்கியது. விழவில்லை. நொண்டி நொண்டி ஓடினான். முடிவுக் கோட்டை அவன் தொடுமுன் விசில் ஊதிவிட்டார்கள்.

அஸ்கர் அலி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "சரி மாப்ள. புள்ள எங்களோடயே இருக்கட்டும். நீ வந்து பாத்துக்கினு போ."

ஹுமைராவின் அக்கா மெஹர்னிசாவின் தோளில் நௌஷீன் கிடந்தாள். "யார் வந்துக்கீறாங்க பாரும்மா, வாப்பா," என்று மெஹர்னிசா காட்டினாள். குழந்தை அவனைப் பார்த்தது. பிறகு முகத்தை அந்தத் தோளிலேயே புதைத்துக்கொண்டது. கொசுவலையை அங்கேயே வைத்துவிட்டு முஜீப் பஸ் ஏறினான்.

மாத்திரை முடிந்ததும் கம்பெனியில் கூப்பிட்டார்கள்.

"இப்போ ஓடும்போது வலி எப்படி சார் இருக்கு?" ஸ்ரேயா கேட்டாள்.

"இல்ல."

"சுத்தமா இல்லயா?" அவள் முகம் மலர்ந்தது.

"ஓட்றதில்ல மேடம். உட்டுட்டேன்."

பேனா நின்றது. அவள் அவனையும் அவன் காலையும் பார்த்தாள். "அப்போ... வலி இல்லன்னே போட்டுக்கட்டுமா சார்?"

"போட்டுக்கோங்க," என்றான் முஜீப்.