ஒற்றைக் காளை நின்ற ஓட்டுக்கூரை

ஓர் ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு நிக்காசியாவின் தகரக் கூரை காற்றில் கிளம்பிப் போனது. அதை அமுக்கிப் பிடிக்க ஏறியிருந்த அவள் கணவன் தெயோதோரோவும் அதன் மேலேயே போனான். மலைமேட்டு ஊரான ஹுலியாக்காவில் ஆகஸ்ட் காற்று கூரை பிடுங்குவது புதிதல்ல. ஆனால் இவன் இறங்கவே இல்லை. ஊரையும் ஊரைச் சுற்றியிருந்த மரமற்ற மேட்டுவெளியையும் வட்டமடித்துக்கொண்டே இருந்தான். வருடத்துக்கு ஒருமுறை, அதே நாளில், தன் வீட்டுக்கு மேல் தாழ்ந்து வருவான். நிக்காசியா நீளக் கழியில் தூக்குவாளியைக் கட்டி உலர்கிழங்கு சூப்பை நீட்டுவாள். "குதிச்சுத் தொலையேன்யா!" என்று கத்துவாள். "தகரம் போயிருமேடி! பன்னிரண்டு தகடு, எல்லாம் என் கைக்காசு!" என்பான் அந்தப் பிடிவாதக்காரன்.

என்றைக்காவது இறங்குவான் என்று அவள் வீட்டுக்கு வேறு கூரை போடாமல் திறந்தபடியே விட்டாள். ஆறு வருடம் அவளும் மகள் ஃபிதேலாவும் வெட்டவெளியில் ஐந்து போர்வைக்குள் சுருண்டு கிடந்து, காலையில் ஒருவர் முடியிலிருந்து மற்றவர் உறைபனியைத் தட்டிவிட்டார்கள். ஏழாவது வருடம் ஃபிதேலாவின் இருமலில் ரத்தம் வந்தது. அன்றே நிக்காசியா மேஸ்திரி இலாரியோனைக் கூப்பிட்டாள். ஓடு, சட்டம், லாரி வாடகை, ஆட்கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூறு சோல் என்றான் அவன். "தகரம்னா இதுல மூணுல ஒரு பங்குதான், தங்கச்சி."

"தகரம் எம் புருஷனைத் தூக்கிட்டுப் போச்சு. மகளையும் அதுக்குக் குடுக்கணுமா?"

"அது சரி. ஓடு காத்துக்கு அசையாது. ஆனா மேல வழி அடைஞ்சிரும், பாத்துக்க."

"வாசல் இருக்குல்ல," என்றாள். இரண்டு கறவை மாடுகளை விற்றாள்.

கூரை முடிந்த அன்று முகட்டில் மண்காளை ஜோடி ஒன்றை ஏற்றுவது அங்கே வழக்கம். ஒன்று வீட்டுக்காரனுக்கு, மற்றது வீட்டுக்காரிக்கு; அவரவர் காளையை அவரவர்தான் வைக்க வேண்டும். நிக்காசியா தன் காளையை வைத்தாள். மற்றதை அவனே வந்து வைக்கட்டும் என்று துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினாள். ஒற்றைக் காளை நின்றால் அது விதவை வீடு என்பது அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆசை அவள் கண்ணை மறைத்துவிட்டது. எடுத்துச் சொல்ல வேண்டிய இலாரியோன் போதையில் கிடந்தான்.

ஆகஸ்டில் தெயோதோரோ வந்தான். நிக்காசியா சூப்புக் கழியை மகளிடம் கொடுத்துவிட்டு, காளையோடு ஏணியில் நின்றாள். தாழ்ந்து வந்தவன் முகட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி, செத்தவனுக்குப் போடுவதுபோல் சிலுவை போட்டுக்கொண்டான்.

"நான் எப்படி செத்தேன்?" என்று கேட்டான், மெதுவாக.

"சாகலைய்யா! உன் காளை இந்தா, என் கையில இருக்கு!"

எதிர்க்காற்று அவள் சொன்னதை அவள் வாய்க்கே திருப்பியது. அவன் சூப்பைத் தொடாமலே போய்விட்டான். நிக்காசியா ஏணியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முறையாவது மண்ணாவது என்று அவன் காளையைத் தானே ஏற்றி வைத்தாள்.

நவம்பர் முதல் தேதி நண்பகலில், ஊரில் இறந்தவர்கள் எல்லாரும் சாப்பிட வீட்டுக்கு வரும் நேரத்தில், அவர்களோடு அவனும் வந்தான். தகடுகளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல் வழியாக உள்ளே நுழைந்தான். இருமல் நின்று கன்னம் தேறியிருந்த மகளின் தலையைத் தடவினான். இரண்டு கிண்ணம் சூப் குடித்தான்.

"முகட்டைப் பாருய்யா, ரெண்டு காளை நிக்குது. நீ உசுரோடதான் இருக்க."

"ஊருக்கே தெரியிற மாதிரி கூரையில சொல்லிட்ட. சொன்னது சொன்னதுதான்டி," என்றபடி கிண்ணத்தை வழித்தான். அண்ணாந்து பார்த்தான். "நல்ல ஓடு. எவ்வளவு ஆச்சு?"

சொன்னாள்.

"அநியாயம்," என்றான்.

மறுநாள் நண்பகலில் மற்ற இறந்தவர்களோடு, தகரத்தைத் தலையில் சுமந்துகொண்டு புறப்பட்டான். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. நவம்பர் முதல் தேதி நிக்காசியா வாசலைத் திறந்து வைத்துவிட்டு, சூப்பில் அவனுக்குப் பிடித்தபடி உப்பைக் கொஞ்சம் கூடவே போடுகிறாள்.